எட்டு முழ மடி

"...காது குத்துற பத்தருக்கு நானே சொல்லியனுப்புறேன், பொரி, வெல்லம், பழம் எல்லாம் இங்கயே கெடைக்கும், மத்தது எதுவும் குறையில்லாம நடக்கும். என் மடிய மட்டும் கேக்காதீங்க. அது இப்ப என்கிட்ட இல்ல" என்றார் என் மச்சான்.

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழித்த தலை, ஒரு தோளைத் திறந்துவிட்ட காவி. இலங்கையில், மாத்தளைக்கு அப்பால் ஒரு மலையடிச் சிற்றூரில், பன்சலை என்று அவர்கள் சொல்லும் புத்த கோயிலின் தாழ்வாரத்தில் நாங்கள் இருந்தோம். மச்சான் அங்கே பிக்கு. எதிரே பாயில் என் மனைவி அஞ்சலை, அவருடைய கூடப்பிறந்த அக்கா. அவளை ஒட்டி எங்கள் செல்வி, ஆறு வயசு, காது மடலை இரண்டு விரலால் பிடித்தபடி. மூன்று வயசு மணி முற்றத்தில் ஒரு நாய்க்குட்டிக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தான்.

சிதம்பரத்திலிருந்து கடல் தாண்டி, மலை ஏறி நாங்கள் வந்தது அந்த ஒரு மடிக்காகத்தான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான். செல்விக்கு ஒரு வயசில் குத்தியிருக்க வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே மாமன், கலியமூர்த்தி. அவர் அப்போதே இலங்கையில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். அடுத்த வருஷம் வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் 'நான் துறவு வாங்கிக்கொண்டேன், எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்' என்று ஒரு கார்டு வந்தது. அதற்கப்புறம் அடுத்த வருஷம் என்ற பேச்சே இல்லை.

பள்ளிக்கூடத்தில் செல்விக்கு 'மூளிக்காது' என்று பெயர் வைத்தார்கள். தூரத்துப் பெரியப்பா மகன் ஒருத்தன் இருக்கிறானே, அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அஞ்சலை ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப இன்னொருத்தன் மடியில வெச்சா, கலியன் செத்துட்டான்னு ஊருக்குத் தமுக்கு அடிக்கிற மாதிரி. நான் மாட்டேன்."

"அவருதான் சாமியாரா போயிட்டாரே" என்றேன்.

"சாமியாரா போனா தொட கழண்டுபூடுமா?"

நான் சிதம்பரத்தில் தையல்காரன். பிறந்தது கடலூர் ஓ.டி., படிப்பு ஐந்தாவது. மிச்சப் படிப்பெல்லாம் மிஷின் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் சொல்லிக்கொடுத்தது. அளவு கொடுக்க வருகிறவன் அளவை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கி முடிந்துகொள்வது எனக்கு வழக்கம். அஞ்சலையின் அந்தத் தொடைக் கேள்வியையும் அப்படியே முடிந்துகொண்டேன். ஆகவே தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு முந்தின வருஷம், பள்ளிக்கூட லீவில், கடையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

முதல் நாள் கப்பல். கப்பலைப் பார்த்தவுடன் மணி, "இதுக்கு சக்கரம் எங்க?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லுமுன் அவன் அம்மா பிடிகம்பியில் சாய்ந்துவிட்டாள். வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, "ஒரு மடிக்கு இம்மாம் பெரிய கடலா?" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் ஒரு கீழக்கரை வியாபாரி. நாற்பது தடவை கடல் தாண்டியவராம். அவர் சொன்னது: "தங்கச்சி, கடலைப் பாக்காதீங்க, கரையைப் பாருங்க." "கரை எங்க அண்ணே இருக்கு?" என்றாள் அஞ்சலை. "அதான், அதைத் தேடிக்கிட்டே இருந்தா வாந்தி மறந்துரும்" என்றார். தேடினாள். மறக்கத்தான் செய்தது.

தலைமன்னாரில் சுங்கச் சோதனை. அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழர், மூக்குக் கண்ணாடி போட்டவர். பெட்டியைக் கிளறியவர் கையில் சின்ன டப்பா அகப்பட்டது. திறந்தார். உள்ளே சிவப்புக் கல் கம்மல் ஒரு ஜோடி. கம்மலைப் பார்த்தார், செல்வியின் காதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி காதைப் பார்த்தார்.

"பிள்ளையின்ர காதிலை ஓட்டையே இல்லை. தோடு ஆருக்கு?"

"அவளுக்குத்தாங்க. இங்க வெச்சுக் காது குத்தப் போறோம்."

"அதுக்கே கடல் தாண்டி வந்தனீங்கள்? உங்கட ஊரிலை தட்டார் இல்லையோ?"

"தட்டாரு இருக்காருங்க, மாமன்தான் இல்ல" என்றாள் அஞ்சலை.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. டப்பாவை மூடி என் கையில் வைத்து, "சரி, கொண்டு போங்கோ. திரும்பிப் போகேக்கை இது காதிலை கிடக்க வேணும், பெட்டியிலை கிடக்கக் கூடாது. விளங்கிச்சுதோ?" என்றார். அவருக்கும் ஒரு தங்கையும் மருமகளும் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கண்டி. எங்களுக்கு அந்த ஊரில், புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையைவிட முதலில் அறிமுகமானது பாண். ஒரு கடையில் பசியோடு நுழைந்து இட்லி இருக்கிறதா என்று கேட்டேன். "இட்லி இல்லை, பாண் இருக்கு" என்றார் கடைக்காரர். "பானைய வெச்சுக்கிட்டு நாம இன்னா பண்றது, சோறு இருக்கான்னு கேளுங்க" என்றாள் அஞ்சலை. வந்தது ரொட்டி. நம் ஊரில் காய்ச்சல்காரனுக்கு மட்டும் டாக்டர் எழுதிக்கொடுக்கிற ரொட்டியை அங்கே தெம்பாக இருக்கிறவர்கள் றாத்தல் கணக்கில் பிய்த்து, தேங்காய்ச் சம்பலில் தோய்த்துத் தின்கிறார்கள். பிள்ளைகள் இரண்டும் ஒரு முழுப் பாணை மென்றுவிட்டு, "எங்களுக்குக் காய்ச்சலாம்மா?" என்று கேட்டன.

தேநீரில் சர்க்கரை போடுவதில்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்துவிடுகிறார்கள். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். மணி வெல்லத்தை முதலிலேயே விழுங்கிவிட்டு, கையை நீட்டிக்கொண்டே இருந்தான். அந்தக் கை மூன்று தடவை நிறைந்தது. கண்டிக்காரர்களைப் பற்றி நான் யாரிடமும் ஒரு குறையும் கேட்கத் தயாராக இல்லை.

மூன்றாம் நாள் பஸ். அன்று வெசாக் பௌர்ணமி, புத்தர் பிறந்த நாள், என்பது கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. தெரு முழுக்க மூங்கில் கூடுகளில் காகித விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட, எல்லாரும் வெள்ளைப் புடவை, வெள்ளைச் சட்டை. அஞ்சலை என் முழங்கையை இடித்தாள். "என்னங்க, ஊரே தாலியறுத்துட்டு நிக்குதா? இன்னா நடந்துச்சு இங்க?" கோயிலுக்குப் போகிற உடுப்பு அது என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். அஞ்சலை தன் அரக்குச் சேலையைப் பார்த்துக்கொண்டாள். "அப்ப நாமதான் இங்க கூத்துக்கு வேஷம் கட்டின மாதிரி இருக்கோம்" என்றாள்.

பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மணிக்கு ஒரு மாசம் முன்பு திருவந்திபுரத்தில் மொட்டை அடித்திருந்தோம். மலை வளைவில் அவன் சட்டை முழுக்க வாந்தி எடுத்துவிட்டான். அஞ்சலை சட்டையைக் கழற்றிவிட்டு, கையில் இருந்த மஞ்சள் துண்டை அவன் உடம்பில் சுற்றினாள். காற்று வரட்டும் என்று டிரைவருக்குப் பின்னால் காலியாக இருந்த முதல் ஸீட்டில் அவனோடு போய் உட்கார்ந்தாள். அந்த ஸீட்டுக்கு மேல் சிங்களத்தில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்து ஜிலேபி மாதிரி அழகாக இருந்ததே தவிர, எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய கிழவர் மணியைக் கண்டார். மொட்டைத் தலை, மஞ்சள் துணி, முதல் ஸீட்டு. இரண்டு கையையும் நெற்றிக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் ஏறிய பெண்ணும் கும்பிட்டாள். ஒருவர் கையில் இருந்த வெற்றிலைக் கட்டை அவன் மடியில் வைத்தார். "பொடி ஹாமுதுருவோ" என்று பஸ்ஸுக்குள் பேச்சு ஓடியது. சின்ன பிக்கு என்று அர்த்தமாம். "இவ்வளவு சின்னவரை நான் பார்த்ததே இல்லை" என்று கண்டக்டர் சொன்னதைப் பக்கத்து ஆள் எனக்குத் தமிழில் சொன்னார். மணி எல்லாரையும் கண்ணெடுக்காமல் பார்த்தான். வெற்றிலையில் ஒன்றை எடுத்துக் கடித்துத் துப்பினான். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, மூத்தரம்" என்றான்.

பாஷை தெரியாதவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. பஸ் நின்றது. அவன் இறங்கி ஏறும்வரை நாற்பது பேர் சிரித்தபடி காத்திருந்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் நிஜமான பிக்கு ஒருவர் ஏறினார். அது அவருக்கான ஸீட்டு. மணியைத் தட்டிக் கொடுத்துப் பக்கத்திலேயே இருத்திக்கொண்டார். ஆனால் கண்டக்டர் ஓடி வந்து அஞ்சலையை மட்டும் எழுந்திருக்கச் சொல்லிக் கை காட்டினார். "புள்ளைக்கு எடம் உண்டாம், பெத்தவளுக்கு இல்லயாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வழியில் ஓர் ஊரில் பையன்கள் கயிறு கட்டி பஸ்ஸை மறித்தார்கள். நான் பயந்துபோனேன். மறித்தது சோறு போடுவதற்காம். வெசாக்குக்குப் போகிற வருகிறவர்களைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்காரவைப்பது அவர்கள் வழக்கம். தன்சல் என்று பெயர். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, சம்பல். சம்பலை ஒரு வாய் வைத்தேன். உச்சி மண்டையில் நெருப்பு. "எப்பா!" என்றேன். பரிமாறின பையன் சட்டென்று என் இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குப் பின்னால் செல்வியும் "எப்பா" என்றாள். அவள் இலையும் போயிற்று. 'எப்பா' என்றால் சிங்களத்தில் 'வேண்டாம்' என்று அர்த்தமாம். வேண்டும் என்பதற்கு என்ன சொல் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. சோறு போட ஊரே கூடி நிற்க, பசியோடு எழுந்த இரண்டு பேர் அன்றைக்கு இலங்கையிலேயே நானும் என் மகளும்தான்.

சாயங்காலம் மலையடி ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். பன்சலைக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த ஒரு சிங்களத்து அம்மாள் தன் வீட்டுப் பக்கத்து அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள். பக்கத்துத் தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவளுக்குத் தமிழ் வார்த்தைகள் தெரியும், வால்கள் தெரியாது. செல்வியின் முகத்தைத் தூக்கிப் பார்த்து, "பாப்பா அழகு. காது வெறும். ஏன்?" என்றாள். "நாளைக்கு நெறஞ்சுடும்" என்றாள் அஞ்சலை.

அன்று பன்சலையில் கூட்டம். விளக்குக்கும் பூவுக்கும் நடுவில் தூரத்திலிருந்துதான் மச்சானைப் பார்த்தோம். அஞ்சலை கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், "கலியா!" என்று கையைப் பிடிக்கப் போனாள். அவர் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. கால் மட்டும் நகர்ந்தது. "வாங்க. நல்லா இருக்கீங்களா? இருங்க, நாளைக்குக் காலையில பேசலாம்" என்றார்.

அறைக்குத் திரும்பியும் அவளுக்கு ஆறவில்லை. "என்னைப் பாத்து 'இருங்க'ங்கறான். கம்மாபுரத்துச் சந்தைக்கு இடுப்புல தூக்கிட்டுப் போவேன், வழியெல்லாம் என் மேலயே ஒண்ணுக்குப் போவான். இவன் இன்னிக்கு என்னை 'வாங்க'ங்கறான்!" வையவில்லை, அடிக்கவில்லை, மரியாதை கொடுத்துவிட்டார். அதற்கு மேல் என்ன வேண்டும் அழுவதற்கு?

நாலாம் நாள் காலையில்தான் முதலில் சொன்ன அந்தப் பேச்சு.

போனவுடன் அஞ்சலை முற்றத்து அரசமரத்தைச் சுற்றி வந்தாள். "அரசமரம் இருக்கு, புள்ளையார எங்க காணோம்?" என்று தேடினாள். பூத்தட்டோடு வந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக மச்சான் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டுவிட்டு, இவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தார்கள். அக்கா தம்பி காலில் விழுவதா? அஞ்சலை சற்று யோசித்தாள். மரத்தைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள். எழுந்து வந்து என்னிடம், "நான் மரத்தத்தான் கும்பிட்டேன். அவன் நடுவுல நின்னா அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றாள்.

எனக்கு மச்சானின் உடுப்பு மேல் கண். ஒரே துணி என்று நினைத்திருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் துண்டு துண்டாக வெட்டி, பட்டை வைத்து ஒட்டித் தைத்திருந்தது. தையல் சுத்தம். கேட்டேன். முழுத் துணியை அப்படியே உடுத்தக் கூடாதாம், வயலும் வரப்புமாகத் தெரியும்படி வெட்டித் தைக்க வேண்டும் என்று விதியாம். "வரப்பு வெட்டப் போடான்னா ஓடிப்போவ, இங்க வரப்பையே உடுத்திக்கிட்டியா?" என்றாள் அஞ்சலை. மச்சான் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்துதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். கம்மல் டப்பாவையும் திறந்து காட்டினாள்.

அவர் முகம் மாறிவிட்டது. பெண்பிள்ளையை பிக்கு தொடக்கூடாதாம். கைக்குழந்தையானாலும் கூடாது, பெற்ற தாயானாலும் கூடாது. அதனால்தான் நேற்று இரண்டு எட்டு. அதனால்தான் பஸ்ஸில் அப்படி. பாண் தெரியாதது, எப்பா தெரியாதது எல்லாம் போகட்டும், கடல் தாண்டிக் காது குத்த வந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் வந்திருக்கிறோம். யாரிடம் கேட்டிருப்போம்? எங்கள் ஊர்ச் சாமியார்கள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துத்தான் திருநீறு பூசுகிறார்கள்.

"...அது இப்ப என்கிட்ட இல்ல" என்று அவர் சொல்லி முடித்த அந்த நேரத்தில் மணி நாய்க்குட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தான். வந்த வேகத்தில் நேரே மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தான். ஆண்பிள்ளைக்குத் தடையில்லை. மச்சான் அவனை அணைத்துக்கொள்ளவும் முடியாமல், இறக்கிவிடவும் மனசு வராமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

செல்வி காதிலிருந்து கையை எடுத்தாள். "அவன் மட்டும் ஒக்காந்துருக்கான். நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டாள்.

அஞ்சலை டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

அன்று பகல் முழுக்க அவள் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தேநீர்க் கடை அம்மாள் அவளுக்குப் பாற்சோறு கொண்டுவந்தாள், வெல்லம் கொண்டுவந்தாள், கடைசியில் ஒன்றும் கொண்டுவராமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "தம்பி நல்ல சாது. ஊர் பிரியம். நீ அழு, பரவாயில்லை" என்றாள். வால் இல்லாத தமிழ் நேரே உள்ளே போய்விடுகிறது. அஞ்சலை அழுதாள்.

நான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த மச்சானிடம் போனேன். ஏன் இப்படி ஆனீர்கள் என்று கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன். அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை. "கடையில இருக்கறப்ப காய்ச்சல்ல விழுந்தேன். நாலு மாசம். இந்தப் பன்சலையில இருக்கறவுங்கதான் தூக்கிட்டு வந்து கஞ்சி குடுத்தாங்க. எழுந்து நடந்தப்புறம் எங்கயும் போகத் தோணல. அவ்ளோதான். பெருசா ஒண்ணும் நடக்கல" என்றார். "சந்தோஷமா இருக்கீங்களா?" என்றேன். "இருந்தேன். நேத்து வரைக்கும்" என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் அஞ்சலை மூட்டை கட்டிவிட்டாள். "ஆறு வருஷம் பொறுத்த காது, இன்னும் பொறுக்கட்டும். மூளிக்காதோடயே கட்டிக்குடுக்கறேன். அந்த ஆபீசர் கேட்டா, மாமன் இருக்கான், மடி இல்லன்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிக்கொண்டு போவதற்காகப் பன்சலைக்குப் போனோம். போனால், தாழ்வாரத்தில் ஊர்ப் பத்தர் சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். முந்தின நாள் சொல்லியனுப்பியதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் தட்டில் பொரி, வெல்லம், பழம். மச்சான் சொன்னது சொன்னபடி எல்லாம் இருந்தது.

பத்தரையும் பெட்டியையும் பார்த்தவுடன் செல்வி என் கையை உதறிவிட்டு மச்சானைப் பார்த்துப் போனாள். போய், நாலு முழ தூரத்தில் தானாகவே நின்றுகொண்டாள்.

"நான் கிட்ட வரல. இங்கேருந்தே கேக்கறேன். நீங்க இல்லன்னா நான் எந்த மாமன் மடியில ஒக்காரட்டும்? நீங்களே சொல்லுங்க."

மச்சான் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அஞ்சலை பக்கம் திரும்பினார்.

"அக்கா, மடின்னா இன்னா?"

"இன்னா கேள்வி இது?"

"எனக்குத் தமிழ் பேசி வருஷக் கணக்காச்சு. சொல்லு. மடின்னா தொடையா?"

'சொல்லு' என்றது என் காதில் விழுந்தது. அஞ்சலை காதிலும் விழுந்திருக்க வேண்டும். மூட்டையைக் கீழே வைத்தாள்.

"தொட வேற, மடி வேற. களத்துல நெல்ல மடியில வாங்கறது இல்ல? வெத்தல பாக்க மடியில கட்டிக்கறது இல்ல?"

"அது தொடையிலயா?"

"தொடையில எவன்டா கட்டுவான்? துணியி..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மடிச்சாத்தான் மடி" என்று நான் சொன்னேன். கடையில் தினமும் துணியோடு பேசுகிற பேச்சு, தானாக வந்துவிட்டது.

மச்சான் எழுந்து, பன்சலைக்குத் தலைவரான பெரிய பிக்குவிடம் போனார். அவர் ரொம்ப வயசானவர், காது மந்தம். மச்சான் குனிந்து சொல்லச் சொல்ல, "என்ன? என்ன?" என்று மூன்று தடவை கேட்டார். புரிந்தபோது பல் இல்லாத வாயால் சிரித்தார். அவர் சொன்னதை, எங்களை வழியனுப்பக் கூட வந்திருந்த தேநீர்க் கடை அம்மாள் எங்களுக்குச் சொன்னாள்: துணியில் ஆண் துணி, பெண் துணி கிடையாது, பிள்ளையின் காதை ஏன் காக்கவைக்கிறாய்?

மச்சான் புத்தக அறைக்குள் போனார். சுவடிகளையும் புத்தகங்களையும் துணியில் கட்டி அடுக்கி வைக்கிற அறை அது. ஒரு மூட்டையை அவிழ்த்து, புத்தகங்களைப் பத்திரமாகப் பலகையில் வைத்துவிட்டு, கட்டியிருந்த துணியை உதறிக்கொண்டு வந்தார். பழுப்பேறிய எட்டு முழ வேட்டி. பச்சைக் கரை. சிங்களவர் கட்டும் துணி இல்லை, நம் பக்கத்து நெசவு.

"இது... நீ கப்பல் ஏறறப்ப கட்டிக்கிட்டுப் போனதுடா" என்றாள் அஞ்சலை.

"ஆமாம். இதை உடுத்திக்கிட்டுத்தான் வந்து சேந்தேன். இது ஹாமுதுருவோடது இல்ல. உன் தம்பியோடது" என்றார்.

தன் நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியின் ஒரு முனையைக் காவிக்கு மேல் மடியில் போட்டுக்கொண்டார். மிச்சத்தை நான் பிடித்துத் தாழ்வாரத்தில் நீளவாக்கில் விரித்தேன். துணி அவர் முழங்காலிலிருந்து இறங்கித் தரையில் ஓடி, பத்தரின் பெட்டிக்குப் பக்கத்தில் அது முடிந்தது. அந்த முனையில் செல்வி போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் திரும்பி, மடி எங்கே வரைக்கும் போகிறது என்று ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அஞ்சலை பின்னால் நின்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் வாயில் வெல்லத்தை வைத்தேன். மணிக்கும் ஒரு துண்டு கொடுத்து வாயை அடைத்தோம்.

பத்தர் மடலைத் தடவிப் பார்த்து, கரிப்பொட்டு வைத்து, கம்பியை எடுத்தார். முதல் காதில் கம்பி இறங்கியது. செல்வி கத்தவில்லை. பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாமல் இரண்டு கையாலும் வேட்டியை வாரிப் பிடித்து இழுத்தாள். தரையில் கிடந்த துணி எழும்பி விறைத்து நின்றது. அந்தப் பக்கம் மச்சான் நாற்காலி விளிம்புக்கு வந்து, தம் முனையை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது காதும் முடியும்வரை விடவில்லை.